சாப்பாட்டு அறைக்கு வைத்த காது

மட்டாஞ்சேரி,
15-7-2007, ஞாயிறு.

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய அய்யாசாமி அத்தான் அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் முத்துவேல் கொச்சியிலிருந்து கைகூப்பி எழுதுவது. இவ்விடம் நானும் பாக்கியலக்ஷ்மியும் நலம். அதாவது இந்த வரியை எழுதி முடிக்கிற நேரம்வரை நலம். தென்காசியில் தாங்களும் அக்காவும் குறைவில்லாமல் இருக்க இலஞ்சிக் குமரன் துணை நிற்பானாக. 'நிற்க' என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருப்பதால் இந்தக் கடிதத்தை உட்கார்ந்தே வாசிக்கவும். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொண்டால் உத்தமம்.

முதலில் போன செவ்வாய்க்கிழமை நடந்த தப்புக்கு மன்னிப்பு. தாங்கள் என் செல்போனில் கூப்பிட்டு, "ஏலே முத்துவேலு" என்றதும் நான் "ராங் நம்பர்" என்றேன். "ஏலே, நாந்தான் அய்யாசாமி பேசுதேம்லே" என்று தாங்கள் சொன்னதற்கு, "அய்யாசாமி இவிடெ இல்லா" என்று மலையாளத்தில் சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தீர்கள். போனைத் தூக்கிச் சுக்கு மூட்டைக்குள் செருகிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அது எனக்கு அடியில் கிடந்து ஐந்து நிமிஷம் பாடியது. மைத்துனனுக்கு ஆபீஸ் போன் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்று தாங்கள் சொன்னதாக அக்கா மூலம் அறிந்தேன். தலைக்கனம் இல்லை, அத்தான். பயம். நல்ல, சுத்தமான, கலப்படம் இல்லாத பயம்.

அந்த போன் என்னுடையது அல்ல, கம்பெனியுடையது. பழைய முதலாளி இருந்த காலத்தில் சுக்கும் ஏலக்காயும் அடுக்கி வைக்கிற எங்கள் கிட்டங்கியில் ஒரே ஒரு போன்தான். அதுவும் மழை பெய்தால் வேலை செய்யாது. அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்தபின் இந்த வருஷம் தை மாதத்தில் அவர் மகன் விபின் சார் வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். என்னை "சேட்டா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். வந்த இரண்டாம் மாதம் எனக்கு ஒரு செல்போன் கொடுத்தார். இருபத்தாறு வருஷ உழைப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து, பாக்கியம் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டாள். மாதக் கடைசியில் சார் ஒரு காகிதத்தை விரித்தார். நான் யார் யாருக்குப் போன் செய்தேன், எந்தத் தேதி, எத்தனை நிமிஷம் என்று எல்லாம் அச்சாகி வந்திருந்தது. "சேட்டா, தென்காசியில் ஈ நம்பர் ஆரா? மூணு திவசம் கூடும்போள் நாற்பது நிமிஷம்" என்று, மூன்று நாளைக்கு ஒருமுறை பேசியதைச் சுட்டிக் கேட்டார். என் அக்கா என்றேன். அவ்வளவு நேரம் அக்காவிடம் என்ன பேச்சு என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் மாடு சினையாகாத விஷயம் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். சார் அதை எழுதிக்கொண்டார்.

அடுத்தது கைரேகை மெஷின். வாசலில் இருக்கிறது. காலையில் வந்ததும் விரலை வைக்க வேண்டும். நானோ மிளகையும் சுக்கையும் விரலால் தேய்த்துத் தரம் சொல்லியே காலம் கழித்தவன். ரேகை எல்லாம் எப்போதோ ஏற்றுமதி ஆகிவிட்டது. விரலை வைத்தால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் 'மறுபடியும் வையுங்கள்' என்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்ததில் இடது சுண்டுவிரல் ஒன்றை மட்டும் மனித விரல் என்று ஒத்துக்கொண்டது. அதுவும் எல்லா நாளும் இல்லை. அன்றிலிருந்து பாக்கியம் அந்த விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறாள். அப்படியும் ஜூன் மாதத்தில் நான் ஒன்பது நாள் வேலைக்கு வரவில்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. அதே ஒன்பது நாளும் நான் மத்தியானத்தில் கொட்டாவி விட்டேன் என்று கேமரா சொல்லிற்று. வராத ஆள் எப்படிக் கொட்டாவி விட்டான் என்று எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். வராததற்கும் கொட்டாவிக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

கேமரா என்று சொன்னேன் அல்லவா. முதலில் பதினாறு வைத்தார்கள். எங்கே திரும்பினாலும் ஒரு கறுப்புக் கண். வேட்டி அவிழ்ந்தால் கட்டுவதற்கு மறைவு கிடையாது. மூட்டை அடுக்குக்கு நடுவில் ஓர் இடுக்கு கண்டுபிடித்து வைத்திருந்தேன், அங்கே பதினேழாவதை மாட்டிவிட்டார்கள். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஷைலஜா என்ற பெண்ணுக்கு இன்னும் மோசம். அவள் முன்னால் திரையில் தெரிவதெல்லாம் சாருடைய அறையிலும் தெரியுமாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அபுதாபியில் இருக்கும் தன் வீட்டுக்காரனுக்கு ஒரு ஈமெயில் எழுதியிருக்கிறாள். மறுநாள் சார் அவளிடம், அதில் ஒரு ஸ்பெல்லிங் தப்பு என்று திருத்திச் சொன்னாராம். எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அவள் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இதெல்லாம் முன்னுரை. இனிமேல்தான் விஷயம். தண்ணீர் குடித்துக்கொள்ளவும்.

எங்கள் கிட்டங்கியில் சுக்கும் ஏலக்காயும் முறத்தில் போட்டுத் தரம் பிரிக்கிற பெண்கள் பதினொரு பேர். எல்லாம் நம்மவர்கள், பாதிப்பேர் இங்கேயே கொச்சியில் சுள்ளிக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், மீதிப்பேர் நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர்கள். அவர்களில் மூத்தவள் அங்கம்மாள். அவளுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். ஏலக்காயைப் பார்த்தே எந்த மலையில் காய்த்தது என்று சொல்லிவிடுவாள். அடுத்தது இருளாயி, அவளுக்கு வேலை செய்வது கை, ஆனால் ஓய்வில்லாதது வாய். மத்தியானம் இவர்கள் சாப்பிடுவதற்குக் கொல்லைப்பக்கம் ஓர் அறை உண்டு. அங்கே கேமரா இல்லை. பொம்பளைகள் காலை நீட்டி, முந்தானையைத் தளர்த்தி உட்கார்கிற ஒரே இடம். அந்த அறைக்கூரையில் போன மாதம் சிஜு என்கிற மெக்கானிக் ஒரு வெள்ளை டப்பாவை முடுக்கிவிட்டுப் போனான். புகை வந்தால் கத்துகிற மெஷின் என்று சொன்னார்கள்.

இந்த மாதம் இரண்டாம் தேதி மூன்று மணிக்கு விபின் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். தன் காதில் ஒன்றும் என் காதில் ஒன்றுமாக ஒரு கருவியை மாட்டி, அன்று மத்தியானம் பதிவானதை ஓடவிட்டார். உள்ளே இருளாயி பேசினாள்.

அத்தான், என் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. பின்னால் டிபன் பாத்திரம் திறக்கிற சத்தம், யாரோ அப்பளம் கடிக்கிற சத்தம் கூடக் கேட்டது. "இவன் நடையப் பாத்தியாட்டி? கோழி சுடுசோத்த மிதிச்ச மாரில்லா நடக்கான்" என்றாள். பதினொரு பேரும் சிரித்தார்கள். சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேட்டா, இவரெந்தா இத்ர சிரிக்குன்னே? எனிக்கு தமிழ் மனசிலாவில்லா. கேட்டுட்டு மலையாளத்தில பற."

புகை டப்பா என்ன என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், பொம்பளைகள் குளிக்கிற துறையில் மறைந்து நிற்கிற ஆள் மாதிரி ஓர் அசிங்கம் இன்னொரு பக்கம். எழுந்து, இது சரியில்லை சாரே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வாயில் வந்த முதல் பொய்யைச் சொன்னேன்.

"சாருடைய நடையைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல சுறுசுறுப்பாம்."

சார் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் கிட்டங்கிக்குள் இரண்டு சுற்று அதிகமாக நடந்தார்.

அதிலிருந்து தினமும் மூன்று மணிக்கு எனக்கு இதுவே உத்தியோகம். "இவன் கண்ணு அவிஞ்சுபோவ" என்று இருளாயி சொன்னால், சார் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கவலைப்படுகிறார்கள் என்பேன். "இவனப் பெத்தவ வயித்துல பெரண்டையத்தான் வைக்கணும்" என்றால், சாரின் அம்மாவுக்குப் பிரண்டைத் துவையல் உடம்புக்கு நல்லது என்கிறார்கள் என்பேன். அத்தனை சிரிப்புக்கு இவ்வளவுதானா என்று கேட்பார். தமிழர்கள் பக்தி முற்றினால் சிரிப்பார்கள் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பொய்யிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது அத்தான். தமிழும் மலையாளமும் பங்காளி வீடு. ஒரு வீட்டுப் பேச்சு பாதி அடுத்த வீட்டில் புரியும். ஒருநாள் இருளாயி, "வெள்ளிக்கெழம பட்டிக்குப் போறேன்" என்றாள். அவள் மாமியார் ஊரைச் சொன்னாள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பட்டியோ? ஆரெயா பட்டி என்னு விளிச்சது?" என்று கேட்டார். ஊர்ப்பெயர் என்று சொல்லி, தேனி ஜில்லாவில் இருக்கிற பட்டிகளை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

இதோடு போயிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, மற்றவர்கள் கைகழுவப் போன நேரத்தில் அங்கம்மாளும் இருளாயியும் மட்டும் அறையில் இருந்திருக்கிறார்கள். அங்கம்மாள் குரல் ரொம்பத் தாழ்ந்து வந்தது.

"ஏட்டி, எடது கண்ணுல ஒரே பொகையா இருக்கு. பச்சக் காயும் வெளுத்த காயும் ஒண்ணு போலத் தெரியுது."

"எத்தன நாளாக்கா?"

"மூணு மாசம் இருக்கும். ஒருத்தருகிட்டயும் மூச்சு விட்ராத. தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போன்னிருவான். மகளுக்குப் பிரசவச் செலவு வேற கெடக்கு."

இருளாயி சொன்னாள்: "ஒம் மொறத்தையும் நாம் பாத்துக்கிடுதேன். நீ தெரிஞ்ச மாரி கைய ஓட்டிக்கிட்டு இரி."

வாயாடி என்று பெயர் எடுத்த இருளாயிதான் இப்படிச் சொன்னாள். மூன்று மாதமாக அவள் இரண்டு பேர் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து சரக்கு மாதிரி எடுக்கிற எனக்குத் தெரியவில்லை; பதினேழு கேமராவுக்கும் தெரியவில்லை. அந்த வெள்ளை டப்பாவுக்குத் தெரிந்துவிட்டது.

"எந்தா இத்ர பதுக்கெ பறயுன்னே? கண்ணு என்னு ஞான் கேட்டல்லோ" என்றார் சார்.

"கண்ணேறு, சாரே. கம்பெனிக்குக் கண்பட்டுவிட்டதாம். திருஷ்டிப் பூசணிக்காய் கட்டினால் நல்லது என்று ரகசியமாகப் பேசுகிறார்கள்" என்றேன். மறுநாள் காலையில் வாசலில் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காய் தொங்கியது. கேமராவை மறைக்கிறது என்று இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டச் சொன்னார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் தாங்கள் போன் செய்தீர்கள். அந்த நேரத்தில் எமனே கூப்பிட்டிருந்தாலும் ராங் நம்பர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை சார் என்னைக் கூப்பிட்டு, "சேட்டன் பறயுன்னதும் அவருடெ சிரியும் தம்மில் சேருன்னில்லா" என்றார். நான் சொல்வதும் அவர்கள் சிரிப்பும் ஒத்துவரவில்லையாம். எர்ணாகுளத்தில் தமிழ், மலையாளம் இரண்டும் படித்த ஓர் ஆள் இருக்கிறாராம். பதிவான இரண்டு வாரப் பேச்சையும் திங்கட்கிழமை அவரிடம் கொடுத்து, வார்த்தைக்கு வார்த்தை எழுதி வாங்கப் போகிறாராம். "ஒன்னும் பேடிக்கண்டா, வெறுதெ ஒரு செக்கிங்" என்று என் தோளில் தட்டினார். பேடிக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் கூடுகிறது.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் செல்போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். அவள் கேட்டுவிட்டு, "உங்க பொய்யி கெடக்கட்டும். அந்தப் பொம்பளைக்குச் சொல்லீட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "திங்கக்கெழம அவ வேல போவும்ல? நீங்க சொன்னா அவளாவது ஒரு வழி பாப்பாள்ல?" என்றாள். கம்பெனிக்குள் எங்கே வைத்துச் சொல்வது? எங்கே நின்றாலும் ஒரு கண். கண் இல்லாத இடத்தில் காது. அங்கம்மாள் சனிக்கிழமை வேலை முடிந்ததும் மகளைப் பார்க்க எதிர்க்கரையில் இருக்கிற வைப்பினுக்குப் படகில் போவாள் என்பது அந்த டப்பா மூலம் எனக்குத் தெரிந்திருந்தது. இதுவும் திருட்டுச் சரக்குத்தான். ஆனாலும் அதை வைத்துத்தான் கிளம்பினேன்.

நேற்றுச் சாயங்காலம் நல்ல மழை. கோட்டைக் கொச்சிப் படகுத்துறைவரை அவளுக்கு இருபது அடி பின்னால் குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு மீன்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "வயசாம் காலத்து இயாளுக்கு நாணமில்லே" என்று சொன்னாள். படகில் ஏறி அங்கம்மாளுக்குப் பக்கத்தில் நின்றேன். அந்தப் படகு கரையை விட்டால் ஐந்தே நிமிஷம். அதில் ஒரு நிமிஷம் தொண்டையைச் செருமியதிலேயே போயிற்று.

"என்ன அண்ணாச்சி, கம்பெனியில இருந்தே பின்னால வாரீக?" என்று அவளே கேட்டாள்.

சொன்னேன். புகை டப்பா புகைக்கு இல்லை என்று சொன்னேன். மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வதையும், நான் மாற்றி மாற்றிச் சொன்னதையும், பூசணிக்காய் எப்படி வந்தது என்பதையும், திங்கட்கிழமை நடக்கப் போவதையும் சொன்னேன். உன் கண் விஷயத்தை நான் வெளியே விடவில்லை அங்கம்மா என்று கடைசியாகச் சொன்னேன். உள்ளுக்குள் ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். தங்களிடம் மறைப்பானேன்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வாரமா கேட்டீரா?" என்றாள். அதுவரை நீங்கள் என்று பேசியவள், நீர் என்று மாறிவிட்டாள்.

"காதுல மாட்டிவிட்டாரு. என்ன செய்ய?"

"எம் மக ஒடம்புக்கு என்னன்னு இருளாயிட்ட சொன்னேன். அதையும் கேட்டீரா?"

நான் குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் துடைத்தேன்.

"அந்தச் சின்னப்பொண்ணு, புருசங்கூடச் சண்டன்னு அழுதுச்சே?"

"அதை எல்லாம் சாருகிட்டச் சொல்லல அங்கம்மா. சத்தியமா."

"அவங்கிட்டச் சொல்லல. சரி. அவன் மிசினு வச்சான். காதக் குடுத்தது யாரு?"

படகு கரையில் இடித்து நின்றது. அவள் இறங்கிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அதே படகில் உட்கார்ந்து திரும்பி வந்தேன். டிக்கெட் கேட்டவனுக்கு எங்கே போகிறேன் என்று சொல்லத் தெரியவில்லை.

நாளைக்கு அந்த எர்ணாகுளத்து ஆள் கேட்கத் தொடங்குவார். இருளாயி சொன்னதெல்லாம் வெளியே வரும். அங்கம்மாள் வேலை போகும். நான் பொய்யன் என்று ஆகும். பொம்பளைகளுக்கு நான் ஒட்டுக் கேட்டவன், முதலாளிக்கு நான் ஏமாற்றியவன். இரண்டு பக்கமும் சாணி அடி வாங்க ஒரே முகம்தான் எனக்கு இருக்கிறது. ஆகவே ராஜினாமா எழுதிவிட்டேன். நாளைக் காலை அவர் கூப்பிடுமுன் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியேறிவிடுவேன். தாங்கள் தயவுசெய்து தென்காசியில், சந்தைப்பக்கமாக இல்லாமல் அமைதியான தெருவாக, எங்கள் இருவருக்கும் ஒரு சின்ன வீடு பார்க்கவும். தங்கள் நண்பருடைய அரிசி ஆலையில் நெல் பார்க்க ஆள் வேண்டுமா என்றும் கேட்கவும். அங்கே கேமரா உண்டா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளவும்.

தயவுசெய்து செல்போனில் கூப்பிட வேண்டாம். பதில் எழுதினால் பாக்கியம் பெயருக்கு எழுதவும். இந்தக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். அக்காவிடம் ராஜினாமாவை மட்டும் சொல்லவும், படகு விஷயம் வேண்டாம். அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லவும். தங்கள் ரத்தக்கொதிப்பு இறங்கவும், அவள் மாடு இந்த ஆடியிலாவது சினையாகவும் எல்லாம் வல்ல குமரன் அருள்வானாக.

இப்படிக்கு,
தங்கள் ஆசியை இன்றைக்கு மிகவும் வேண்டி நிற்கும்,
முத்துவேல்.

பின்குறிப்பு (19-7-2007, வியாழன்):

கடிதத்தைத் திங்கட்கிழமை தபாலில் போட முடியவில்லை. தபால்பெட்டி எங்கள் வாசல் கேமராவுக்கு நேர் எதிரே இருக்கிறது. ஆகையால் மேலே எழுதியதில் பாதியைத் தாங்கள் இப்போது மறந்துவிட வேண்டும். வீடு பார்க்க வேண்டாம். அரிசி ஆலையில் கேட்டிருந்தால், மைத்துனன் புத்தி மாறிவிட்டான் என்று சொல்லிவிடவும்.

திங்கட்கிழமை சார் பதினொரு மணிக்குத்தான் வந்தார். அதுவரை ராஜினாமாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கழிவறைக்கு ஆறு தடவை போனேன். அவர் என்னைக் கூப்பிட்ட நேரத்தில்தான் சாப்பாட்டு மணி அடித்தது. நான் சாரின் அறைக்குள் நிற்கிறேன், கதவு திறக்கிறது, பதினொரு பெண்களும் டிபன் பாத்திரத்தோடு வரிசையாக உள்ளே வருகிறார்கள். முன்னால் அங்கம்மாள். ஏசி அறைத் தரையில் வட்டமாக உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தார்கள். கருவாட்டுக் குழம்பு வாசம் எழும்பியது. சார் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டார். எனக்கு ஓடிப்போக வழியில்லை. கதவுக்கு நேரே இருளாயி உட்கார்ந்திருந்தாள்.

அங்கம்மாள் மலையாளத்தில் பேசினாள். அத்தான், அவள் சுள்ளிக்கல்லில் பிறந்தவள். அவள் மலையாளம் என்னுடையதைவிட நூறு மடங்கு சுத்தம். இத்தனை நாள் சார் முன்னால் அவள் "உவ்வு சாரே", அதாவது ஆமாம் ஐயா, என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

"சாரே, ஞங்ஙள் பறயுன்னது கேள்க்கணமெங்கில் இவிடெ இருந்து கேட்டோ" என்றாள்.

கேட்க வேண்டுமானால் எங்கள் முன்னால் இருந்தே கேளுங்கள் என்று அர்த்தம். மற்றதைத் தமிழில் எழுதுகிறேன். இந்த ஒரு மொழிபெயர்ப்பில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. "கேட்பதற்கு மெஷின் வேண்டாம், நடுவில் ஆளும் வேண்டாம். என் இடது கண் மங்கிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க எர்ணாகுளத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம், என்னிடம் கேட்டால் போதும், இதோ சொல்லிவிட்டேன். இனி என்ன செய்வீர்களோ என் முகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஆனால் நாங்கள் சாப்பிடுகிற இடத்தில் பேசுவது எங்களுடையது. அது சம்பளத்தில் சேராது."

யாரும் சாப்பிடவில்லை. அப்போது பின்னால் ஷைலஜாவின் குரல் கேட்டது. எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. "என்டெ மெயில் வாயிக்குன்னதும் நிர்த்தணம், சாரே" என்றாள். தன் மெயிலைப் படிப்பதையும் நிறுத்த வேண்டுமாம்.

சார் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வந்த நாளிலிருந்து தான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள், வெளியே போனதும் சிரிக்கிறார்கள், அப்பாவின் கம்பெனி என்று யாரும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை, தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று பயம் என்றார். பயம் என்ற சொல்லை அந்த வாயிலிருந்து கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உங்களப் பத்தித்தான் சிரிச்சோம்" என்றாள் இருளாயி. பிறகு அதை மலையாளத்திலும் சொன்னாள், கோழி சுடுசோறு மிதிப்பது உட்பட. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். சுறுசுறுப்பான நடை என்று நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். நான் பூசணிக்காய்போல நின்றேன். அதிலும் ஒரு கண்ணியம் உண்டு அத்தான், பூசணிக்காய் பொய் சொல்லாது.

அன்று சாயங்காலமே சிஜு ஏணி கொண்டுவந்து வெள்ளை டப்பாவைக் கழற்றினான். ஷைலஜாவின் திரை சாருடைய அறையில் தெரிவதும் நின்றது. இதை மட்டும் அவள் நம்பவில்லை. கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். கிட்டங்கிக் கேமராக்கள் அப்படியே இருக்கின்றன, கைரேகை மெஷினும் இருக்கிறது. இன்று காலையும் நான் வரவில்லை என்றுதான் சொன்னது. அங்கம்மாளுக்கு ஆபரேஷனுக்கு அடுத்த வாரம் நாள் குறித்தாயிற்று. திரும்பி வரும்வரை அவள் முறம் அவளுக்கே என்று சார் சொல்லியிருக்கிறார். எழுத்தில் தரச் சொல்லி அவள் கேட்டு வாங்கிவிட்டாள்.

ராஜினாமாவைச் சார் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. "சேட்டா, இனி என்னோடு கள்ளம் பறயண்டா" என்று மட்டும் சொன்னார். அவர் மன்னித்துவிட்டார் என்றே தோன்றுகிறது. அது பெரிய விஷயமில்லை, அவருக்கு நான் செய்தது சின்னத் தப்பு.

பெண்கள் என்னோடு பேசுவதில்லை. மாதிரி எடுக்கப் போனால் முறத்தை நகர்த்தித் தருகிறார்கள், அவ்வளவுதான். டப்பாவைக் கழற்றியபின்னும் நான் அந்தச் சாப்பாட்டு அறை வாசலுக்கு வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்றுமுன்தினம் தண்ணீர் எடுக்கச் சட்டென்று உள்ளே போய்விட்டேன். பதினொரு வாயும் ஒரே நேரத்தில் மூடியது. அந்த மௌனத்தை நானே தண்ணீரோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். இதை விட்டுவிட்டுத் தென்காசிக்கு ஓடிவந்தால் அது ஆயுசுக்கும் என்கூடவே வரும் என்று பாக்கியம் சொன்னாள். அதனால்தான் வரவில்லை.

இன்று மத்தியானம் வாசலுக்கு வெளியே நின்று, "தண்ணி எடுக்கணும், வரலாமா?" என்று கேட்டேன்.

"நில்லும் அண்ணாச்சி. ஒரு சங்கதி பேசிக்கிட்டு இருக்கோம். முடிச்சிட்டுக் கூப்புடுதோம்" என்றாள் அங்கம்மாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் படியிலிருந்து இறங்கி, சுக்கு காயப்போடுகிற கொட்டகையின் கோடிவரை போய் நின்றேன். உள்ளே இருளாயி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தது மட்டும் தெரிந்தது. ஒரு சொல்லும் காதில் விழாத தூரத்தில், அரைமணி நேரம், அவர்கள் கூப்பிடும்வரை நின்றேன், அத்தான்.